சனிக்கிழமை போயா

எங்கள் நாலு பேரின் வட்ஸ்அப் குழுவுக்கு மூன்று வருசமாகப் பெயர் 'அசைன்மன்ட் நாளைக்கு'. ஒரு புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு அந்தப் பெயர் 'பியர் வீக்கெண்ட்' என்று மாறியது. மாற்றினது நான்தான். அடுத்த நாள் காலையில் அம்மா வவுனியாவில் இருந்து எடுத்து "ஏன் பிள்ளை இரவிரவா ஒன்லைனில நிண்டனி?" என்று கேட்டபோது, அசைன்மன்ட் என்றுதான் சொன்னேன். பழைய பெயர் அதற்காவது உதவியது.

விசயம் இதுதான். எங்களில் ஒருத்திக்குக் கனடா விசா வந்துவிட்டது. நாங்கள் மூன்றாம் வருசம். இன்னும் ஒரு வருசம் இருந்தால் பட்டம். ஆனால் விசா பட்டத்துக்காகக் காத்திருக்காதே. 2022க்குப் பிறகு எங்கட பட்ச்சில் இருந்து இப்படிப் பாதியில் கழன்று போனவர்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவள் வெள்ளவத்தையில் பிறந்து, வெள்ளவத்தையிலேயே வளர்ந்தவள். "எனக்கு கேக் வெட்டுற பார்ட்டி எல்லாம் வேண்டாம்" என்றாள். "இருபத்திரண்டு வருசமா கொழும்பில இருக்கிறன். கொழும்புக்காரர் போற இடத்துக்கு ஒருநாளும் போனதில்ல. ஒரு வீக்கெண்ட் நல்ல சாப்பாடு. பிறகு அந்த கிராஃப்ட் பியர் எண்டு சொல்லுறாங்களே, அது ஒண்டு. அவ்வளவுதான்."

நான் பட்டியல் போடுகிற ஆள். உடனே ஒரு கூகிள் ஷீட் திறந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நிரல். நாலு பேர்: போகப்போறவள், போடிங்கில் இருக்கிற நான், விடுதியில் இருக்கிற மட்டக்களப்பான், கொட்டாஞ்சேனைக்காரன். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா. மகாபொலக் காசு, டியூஷன் காசு, அம்மாவிடம் 'புத்தகம்' என்று வாங்கின காசு எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பத்தாயிரம்.

முதல் சிக்கல், கிராஃப்ட் பியர் என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தேடித் தேடி வாசித்தேன். பெரிய தொழிற்சாலையில் ஒரே ருசியில் இலட்சக்கணக்கான போத்தல் நிரப்பாமல், சின்ன அளவில், தங்கட சொந்தச் செய்முறையில் காய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடிப்படைச் சாமான் நாலுதான்: தண்ணீர், முளைக்கட்டி உலர்த்தின வாற்கோதுமை, கசப்புக்கு ஹொப்ஸ் என்ற பூ, நொதிக்க வைக்க ஈஸ்ட். குளிரில் மெதுவாக நொதித்தால் லாகர். கொஞ்சம் சூட்டில் கெதியாக நொதித்தால் ஏல். வாற்கோதுமையைக் கருக வறுத்தால் ஸ்டவுட்.

எங்கட நாட்டுக்கு இது புதுசும் இல்லை. லயனின் கதையைத் தேடிப் போனால் அது நுவரெலியாவில், 1849இல், சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் குளிரில் பியர் காய்ச்சிப் பார்த்ததில் போய் முடிகிறது. அந்த நேரம் அதுவும் ஒரு சின்னக் காய்ச்சல்தான். இன்றைக்கு அது பியகமவில் பெரிய தொழிற்சாலை. லயன் ஸ்டவுட்டை மைக்கல் ஜாக்சன் என்ற பியர் எழுத்தாளர் (பாட்டுக்காரர் இல்லை, வேறு ஆள்) உலகத்துக்கே புகழ்ந்து சொல்லியிருக்கிறார். ஆனால் இடையில் சின்னக் காய்ச்சல்காரர் பெருகவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் ஒரு வாளி காய்ச்சினாலும் குற்றம். அதனால்தான் கொழும்பில் கிராஃப்ட் பியர் என்று தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே வரும். அதிலும் பாதி, இறக்குமதிப் போத்தலை அழகான கிளாஸில் ஊற்றித் தருகிற இடங்கள்.

சாப்பாட்டுக்கு முதலில் எழுதினது கோட்டை டச்சு வைத்தியசாலை. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டின ஆஸ்பத்திரி. 2011இல் திருத்திக் கடைகளும் ரெஸ்டோரன்ட்களுமாக மாற்றினார்கள். தர்ஷன் முனிதாசவும் மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்து தொடங்கின 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' அங்கேதான். எங்கட களப்பு நண்டில் நல்லது எல்லாம் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிப் போக, உள்ளூரில் மிச்சம்தான் கிடைக்கிறது என்ற கதையைத் திருப்பிப் போட்டதுதான் அந்தக் கடையின் பெருமை. அங்கே நண்டு நிறைக்கு விலை. மெனுவைத் திறந்து பார்த்த மட்டக்களப்பான் அனுப்பின குரல் பதிவு இன்னும் என்ட போனில் இருக்கு: "இஞ்ச பாருங்க, இந்த நண்டு எங்கட வாவியில என்ட மாமாட வலையில சும்மா ஏறும். இவ்வளவு காசு குடுத்து நான் அதுக்குக் கை குலுக்கவா?" அந்த வரியை ஷீட்டில் இருந்து அழித்தேன்.

இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடித்ததும் அவன்தான். வியாழக்கிழமை ஒரு நாள்காட்டிப் படத்தை அனுப்பி, ஒரு திகதியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். சனிக்கிழமை போயா.

கொழும்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம். போயா என்றால் வைன் ஸ்டோர்ஸும் பாரும் பூட்டு. சுப்பர்மாக்கெட்டில் அந்தப் பக்கத்துக்கே திரை போட்டு மூடியிருக்கும். எனக்கு அது நினைவில் வரவேயில்லை. வீக்கெண்டின் நடுநாள், என்ட ஷீட்டில் மஞ்சள் நிறத்தில் 'முக்கியம்' என்று போட்ட நாள், காலி.

சரி, வெள்ளிக்கிழமையே நாலு கேன் வாங்கி வைத்து, சனி இரவு போகப்போறவளின் பிளட் மொட்டைமாடியில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு குடிப்போம் என்று முடிவெடுத்தோம். யார் வாங்கப் போவது? இதுதான் மூன்றாவது சிக்கல். நான் நினைத்ததைவிடப் பெரிய சிக்கலும் இதுதான்.

1979இல் வந்த ஒரு வர்த்தமானி அறிவித்தல், பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று சொன்னது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். சில நாள்தான். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம். எங்கட வகுப்பில் ஒரு டீச்சர் "பொம்பிளையள் குடிக்கவோ கேட்டவை?" என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கு. இருபத்தொரு வயது வந்தால் ஆணுக்கு விற்கலாம். 2006இல் வந்த சட்டம் வயதைத்தான் கேட்கிறது. பெண்ணுக்கு வயது வந்தாலும் போதாது.

நடைமுறையில் ரெஸ்டோரன்டில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. சுப்பர்மாக்கெட்டில் காசாளர் கொஞ்சம் மேலும் கீழும் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் வெள்ளவத்தையில் எந்தச் சுப்பர்மாக்கெட்டில் நின்றாலும் முன்னால் நிற்கிற அன்ரி ஒருத்தி அம்மாவின் ஊர்க்காரியாகத்தான் இருப்பா. போடிங் அக்காவின் காதுக்குச் செய்தி போக நான் கேற்றுக்கு வர வேண்டிய தேவையே இல்லை. வைன் ஸ்டோர்ஸைச் சொல்லவே வேண்டாம். இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு ஆள், கம்பிக்கு முன்னால் இருபது ஆம்பிளைகள், பிளாஸ்டிக் பையில் சுற்றின போத்தல். அந்த வரிசையில் நான் நிற்பதை என்னாலேயே கற்பனை பண்ண முடியவில்லை.

அதனால் குழுவில் சாதாரணமாக எழுதினேன்: "கொட்டாஞ்சேனை, நீ போய் வாங்கிட்டு வாவன். உன்ட ஏரியாவில ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது."

அவன் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது. அவனிடம் கேட்டுத்தான் அதை இங்கே எழுதுகிறேன்.

"நான் குடிக்கிறதில்லன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னு நீங்க யாரும் கேட்டதில்ல. எங்கப்பா ஹாபர்ல வேல செஞ்சாரு. சம்பள நாள்ல அம்மா என்னைய அனுப்புவாங்க. அந்தக் கம்பிக்கு முன்னால நிக்கிற வரிசையில அப்பா சட்டையத் தேடிப் புடிச்சு, பாக்கெட்டுல மிச்சம் இருக்கிறத வாங்கிட்டு வரணும். எட்டு வயசு எனக்கு. சில நாள் குடுப்பாரு, சில நாள் அங்கயே அடிப்பாரு. அந்தக் கம்பிப் பக்கம் மட்டும் என்னைய அனுப்பாதீங்க. மத்தபடி நான் வர்றேன், எங்க வேணும்னாலும் வர்றேன்."

மூன்று வருசம். ஒரே விரிவுரை மண்டபம், ஒரே கன்ரீன், ஒரே தேத்தண்ணி. நாங்கள் அவனைச் 'சாமியார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். 'சாமியாருக்கு ஒரு ஃபன்டா' என்பது எங்களுக்குள் ஓடுகிற பகிடி. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் பெண்ணியம் படிக்கிறவள். 1979 வர்த்தமானி பற்றி ஒரு கட்டுரையே எழுதி நல்ல புள்ளி வாங்கினவள். அதில் நான் எழுதினது: இந்தச் சட்டம் பெண்ணை வளர்ந்த மனுசியாக மதிக்கவில்லை. அது இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையில் அவனுடைய அம்மா இல்லை. பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்கிற சட்டம், அவள் போத்தல் வாங்குவதைத்தான் தடுக்கிறது. சம்பளத்தை முழுக்கக் கம்பிக்குள் நீட்டிவிட்டு வருகிறவனிடம் இருந்து அவளைக் காப்பாற்ற அதில் ஒரு வரியும் இல்லை. அந்த வேலையை எட்டு வயதுப் பொடியன் ஒருத்தன் செய்திருக்கிறான். குடிக்கிறது எனக்குச் சுதந்திரமாகத் தெரிகிறது. அவனுக்கு அது அப்பாவின் சட்டைப் பை. இரண்டும் ஒரே நகரத்தில், பத்துக் கிலோமீற்றருக்குள்.

காலையில் எழுதினேன்: "மன்னிச்சுக்கொள்ளடா. கேன் வேண்டாம். பியரே வேண்டாம், சாப்பாடு மட்டும் வைப்பம்." அவன் உடனே பதில் போட்டான்: "லூசு மாதிரி பேசாத. அவ போறா. வெள்ளிக்கிழம போவோம். ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வாங்க, அம்மா சமைக்கிறாங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயில் ஏறினோம். வாசலில் நின்றால் கடல் தண்ணீர் முகத்தில் தெறிக்கிற அந்தப் பாதை. கோட்டையில் இறங்கி நடந்து போன இடத்தின் பெயர் வேண்டாம். வெயிட்டர் வந்து, மூன்று பேரையும் விட்டுவிட்டு, பான மெனுவை நேராகக் கொட்டாஞ்சேனைக்காரனின் கையில் கொடுத்தார். மேசையில் குடிக்காத ஒரே ஆள் அவன்தான். அவன் அதை வாங்கி மரியாதையாக எனக்கு நீட்டி, "மேடம் ஓடர் பண்ணுவாங்க. எனக்கு ஒரு லைம் சோடா" என்றான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

இரண்டு வகை எடுத்து நடுவில் வைத்துப் பகிர்ந்தோம். கோதுமை பியரை மணந்த மட்டக்களப்பான் "கதலி வாழைப்பழம் மணக்குது" என்றான். சரியாகத்தான் சொன்னான், அது அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது விடுகிற மணம், பழம் ஒன்றும் போடுவதில்லை. ஸ்டவுட் கருகின கோப்பிக் கொட்டை மாதிரி இருந்தது. போகப்போறவள் முதல் மிடறு விழுங்கி முகத்தைச் சுழித்தாள். "கசக்குது. இதுக்கா நான் இவ்வளவு நாள் பயந்தனான்?"

எனக்கு நினைவு போனது வேறு பக்கம். அம்மப்பா வடமராட்சிக்காரர். பின்னேரத்தில் பனங்கள்ளுக் குடிப்பார், பனையோலையில் மடித்த பிளாவில். பாளையில் இருந்து வடிகிற சாறு, காற்றில் இருக்கிற ஈஸ்டிலேயே தானாக நொதித்துக் கள்ளாகும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, கருப்பணியாகவே இருக்கும். ஒரு மரம், ஒரு முட்டி, ஒரு ஆள், அன்றைக்கே முடிய வேண்டிய ருசி. கிராஃப்ட் என்றால் இதைவிட வேறென்ன? ஆனால் அந்தக் கள்ளை இறக்கிக் கொண்டுவருகிறவர் படலைக்கு வெளியேதான் நிற்பார். அவருக்குத் தண்ணி கொடுக்கத் தனிப் பேணி. அம்மப்பா குடித்தது அவருடைய உழைப்பை, ஆனால் எங்கட வீட்டுத் தம்ளர் அவருடைய கையில் போனதேயில்லை. சொன்னபோது மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. குடிக்கிறதில் யார் எங்கே இருக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது எப்போதும் எங்கட ஆட்கள் கணக்காக வைத்திருந்த விசயம்தான்.

பிறகு பில் வந்தது. மெனுவில் இருந்த விலைக்கு மேலே நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம், அதற்கு மேலே 18 வீதம் வற். என்ட ஷீட்டில் இரண்டும் இல்லை. சனிக்கிழமைக் காசில் பாதி அங்கேயே போய்விட்டது.

போயா என்பதால் சனிக்கிழமை எங்களுக்கு வேறு வழியில்லை, சாப்பிடத்தான் வேண்டும். மூன்று நாளிலும் அதுதான் நல்ல நாள். காலையில் சைவக்கடையில் தோசை. முந்தின இரவு ஒரு கிளாஸ் பியருக்குக் கொடுத்த காசில் நாலு பேரும் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்தோம். மத்தியானம் மரைன் டிரைவ் பக்கம் 'யாழ்' ரெஸ்டோரன்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய். பனை எப்படியும் மேசைக்கு வந்துவிட்டது, போயா அன்றைக்குக் கூழாக. வேர்த்து ஒழுக ஒழுகக் குடித்தோம். மட்டக்களப்பான் மட்டும் "எங்கட ஊர் மீன் ஆணத்துக்கு இது கிட்டவும் வராது" என்று சொல்லிவிட்டு இரண்டாந்தரம் கேட்டான்.

பின்னேரம் 100 பஸ்ஸில் காலிமுகத்திடல். வெள்ளை உடுப்போடு பன்சலைக்குப் போய் வந்த குடும்பங்கள், பட்டம், இறால் வடை. 2022இல் கூடாரங்கள் நின்ற இடத்தில் புல். அந்த வருசம் நாங்கள் ஏஎல் மாணவர்கள். மின்வெட்டில் மெழுகுதிரி வைத்துப் படித்தவர்கள். போகப்போறவள் கன நேரம் துறைமுக நகரப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். "நான் போறது பிழையோடி?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஞாயிறு 155 பஸ். வெள்ளவத்தையில் ஏறினால் நாங்கள் படிக்கிற இடத்தைத் தாண்டி, மருதானை தாண்டி, கொட்டாஞ்சேனை. மூன்று வருசமாக அவன் அந்த பஸ்ஸில் வந்தான், நாங்கள் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளவத்தைக்காரருக்குக் கொட்டாஞ்சேனை என்றால் 'அங்கால'. ஏன் என்று கேட்டால் பதில் வராது. முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடித்த இடம். மெழுகுதிரி கொளுத்தினான். கொஞ்ச நேரம் நின்றோம். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு இரண்டு அறை. அம்மா இறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, மாசிச் சம்பல் என்று பாயில் பரப்பி வைத்திருந்தா. மூலையில் கதிரையில் ஒரு மெலிந்த மனுசன், கையில் பிளேன்டீ. அவனுடைய அப்பா. இருப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. அந்தக் குரல் பதிவைக் கேட்டபோது எப்படியோ அவரைச் சாகடித்து வைத்திருந்தேன். குடியை விட்டு ஐந்து வருசமாம்.

"வெள்ளிக்கெழம எங்கயோ போனீங்களாமே?" என்று கேட்டார். எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. மகன்தான் பதில் சொன்னான். "பியர் குடிக்கப் போனாங்கப்பா. நான் லைம் சோடா."

"ஒரு கிளாஸ் எவ்வளவு?"

மட்டக்களப்பான் விலையைச் சொன்னான், வற்றும் சேர்த்து. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மாடி. அப்ப இந்த வெல இருந்திருந்தா நான் அப்பவே விட்டிருப்பேன்."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மகனும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி வந்து என்ட கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டா.

நீங்களும் இப்படி ஒரு வீக்கெண்ட் போடுகிறதென்றால் மூன்று விசயம். முதலில் நாள்காட்டியில் போயாவைப் பாருங்கோ. மெனு விலையோடு இன்னும் கால்வாசிக்கு மேல் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. போத்தல் வாங்க ஒருத்தரை அனுப்ப முதல், அவரிடம் கேளுங்கோ.

அவள் போய் இப்போது இரண்டு மாதம். போன கிழமை குழுவில் ஒரு படம் போட்டாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு கேன், ஏதோ ஒன்ராறியோ கிராஃப்ட் பியர். "தனியப் போய் வாங்கினன். ஐடி மட்டும் கேட்டவங்க. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்ல." கீழே இன்னொரு வரி: "வாங்கி நாலு நாள். தனியக் குடிக்க மனமில்ல, அப்பிடியே கிடக்கு."

கொட்டாஞ்சேனைக்காரன் உடனே பதில் போட்டான்: "பக்கத்துல ஒரு லைம் சோடா வை."